அடைந்த பொழியில் எடுத்த ஆழம்

நெய்யாற்றின் கரையில், திருப்புறத்துக்குக் கீழே, உல்லாசப் படகுகள் வந்து சற்று நேரம் நின்று போவதற்காக அரசுப் பணத்தில் கட்டிய ஒரு படகுத்துறை உண்டு. அந்த இடத்தின் ஆழத்தை அளந்து எழுதியவன் நான். தவறாக எழுதினேன். தெரிந்தேதான் எழுதினேன். அதன் விளைவாக லில்லி என்ற பெண் இன்று ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கிறாள். அவளும் அவள் கணவன் தங்கையனும் ஆற்றங்கரையை விட்டு, உதியன்குளங்கரையில் கடைகளுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறார்கள்.

கொல்லயிலில் இருக்கும் என் வீட்டுக்குச் சென்ற மாதம் ஷைனி வந்திருந்தாள். இப்போது அந்தப் பகுதிக்குப் பொறுப்பான உதவிப் பொறியாளர் அவள்தான். பழைய துறையைப் புதுப்பிக்கப் போகிறார்களாம். திறப்பு விழாவுக்கு ஒரு மலர் போடுகிறார்கள். முதல் துறை எப்படி உருவானது என்று நான் எழுதித் தர வேண்டுமாம். "சாரப்போல பழைய ஆளுவ எழுதினாத்தான் எங்களுக்குப் பிரயோஜனம் ஆக்கும்" என்றாள். எழுதுகிறேன் என்றேன். இதுதான் அந்தக் கட்டுரை. அச்சிடுவதும் கிழித்துப் போடுவதும் அவர்கள் விருப்பம்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கேரள எல்லையைத் தாண்டி, களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் தமிழ்ப் பள்ளி, பிறகு பாலிடெக்னிக். ஓவர்சியராக வேலையில் சேர்ந்து, வடக்கே மலைப்பகுதிகளில் ஓடைப்பாலமும் தாங்குசுவரும் கட்டி நடு வயதைக் கடந்தபின் உதவிப் பொறியாளராக ஊர்ப்பக்கம் மாற்றம் கிடைத்தது. ஆற்றைப் பற்றி நான் கற்றதெல்லாம் இங்கே வந்த பிறகுதான்.

வெளியூர் ஆட்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆறு கடலில் சேரும் வாய்க்குப் பொழி என்று பெயர். மழை குறைந்த மாதங்களில் கடல் மணலைத் தள்ளிக் கொண்டுவந்து அந்த வாயை மூடிவிடும். அதைத்தான் பொழி அடைந்துவிட்டது என்போம். ஆற்று நீர் போக வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். கரை வரைக்கும் பளபளவென்று நிறைந்து, பார்க்க அழகாக இருக்கும். மழை பிடித்து நீர் வீடுகளின் பக்கம் ஏறத் தொடங்கியதும் கரை ஆட்கள் மண்வெட்டியோடு போய் மணலில் ஒரு சால் கீறிவிடுவார்கள். அது பொழி முறிப்பது. மிச்ச வேலையைத் தண்ணீரே செய்துகொள்ளும். காலையில் முறித்தால் மாலைக்குள் ஆறு நெஞ்சளவு இறங்கி, நேற்று நீர் நின்ற இடத்தில் சேறு தெரியும்.

ஆகவே ஒரே இடத்தில் ஒரே மாதத்தில் இரண்டு ஆழம் உண்டு. எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத ஒரு வழக்கம் எங்கள் பிரிவில் இருந்ததற்கு இதுதான் காரணம். ஆற்றில் ஆழம் பார்க்கப் போகிறவன் தாளின் தலையில், தேதிக்கும் முன்னால், பொழியின் நிலையை எழுத வேண்டும். "பொழி திறந்து" அல்லது "பொழி அடைந்து". அடைந்த பொழியில் எடுத்த ஆழத்தை வைத்து யாரும் எதையும் கட்டக் கூடாது. பொழி திறந்தபின் மறுபடி போய் அளக்க வேண்டும். எனக்கு இதைச் சொல்லித் தந்தவர்கள் இதற்கு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் போவதுபோல எல்லோரும் செய்தார்கள், நானும் செய்தேன்.

அப்போதுதான் படகுத்துறைக்கான நிதி வந்தது. பொழிக்கரையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சுற்றும் படகுகள் பெருகியிருந்தன. ஆற்றின் மேல்பகுதியில் அவை ஒதுங்கி நிற்க இடமில்லை. ஒரு மணி, இரண்டு மணி நேரம் கட்டிப்போட்டு, ஆட்கள் இறங்கி இளநீர் குடித்து, கால் நீட்டிவிட்டுப் போக ஒரு துறை வேண்டும். எந்தப் படகும் வரலாம், எதுவும் தங்கிவிடக் கூடாது என்பது திட்டம். நல்ல திட்டம்தான். நிதி தருகிறவர்கள் வைத்த முக்கிய நிபந்தனை ஒன்றுதான்: ஆற்றில் நீர் மிகக் குறைவாக இருக்கும்போதும் அந்த இடத்தில் படகு மிதக்க வேண்டும். நிதியாண்டு முடிவதற்குள் ஆழ அறிக்கை போகாவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும்.

எங்கள் நிர்வாகப் பொறியாளர் வடகேரளத்துக்காரர். பெரிய சார் என்போம். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. அறைக்குள் போனால் எழுந்து வந்து நாற்காலியைத் தன் கையால் இழுத்துப் போட்டு "ஜஸ்டஸே, இரிக்கு" என்பார். பேனாவின் மூடியைத் திறக்காமல் மேசைமேல் வைத்திருப்பார். பேச்சு முடிந்து, தான் நினைத்த பதில் எதிராளியின் வாயிலிருந்து வந்த பிறகுதான் மூடியைத் திறப்பார். அதுவரை வீட்டு விசேஷம், பிள்ளைகள் படிப்பு, தென்னைக்கு வந்த வண்டு எல்லாம் பேசுவார். அவர் இன்னதைச் செய் என்று சொன்னதாக யாராலும் எங்கேயும் சாட்சி சொல்ல முடியாது.

அன்று நான், "சார், பொழி அடைந்து கிடக்கிறது. இப்போது அளந்தால் சரியாக வராது. மழை பிடித்து முறித்த பிறகு பார்க்கலாம்" என்றேன்.

அவர் மலையாளத்தில் மெதுவாகச் சொன்னார்: "மழை வரும்போது நிதி இருக்காதே, ஜஸ்டஸே."

பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தபடி அவர் சொன்னார்: "கண்ட நீரை எழுதினால் போதும். காணாத நீரை எழுதச் சொல்லி யார் கேட்டார்கள்? நீ நம்முடைய ஆள். உனக்கு நான் சொல்லித் தர வேண்டுமா?"

"வேண்டாம் சார்" என்றேன். அவர் பேனாவின் மூடியைத் திறந்தார்.

மனைவிக்கு உடம்பு சரியில்லை, மறுபடி மலைக்கு மாற்றிவிடுவார்களோ என்று பயந்தேன் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு என்மேல் இரக்கம் வரும். என் மனைவி நன்றாகத்தான் இருந்தாள். யாரும் என்னை மிரட்டவில்லை. "நீ நம்முடைய ஆள்" என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்குமா என்று எத்தனையோ நாள் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

துறைக்குத் தேர்ந்த இடம் தங்கையனின் படகுக் கடவு. அக்கரைக்கு ஆட்களை வள்ளத்தில் கொண்டு விடுகிறவன் அவன். பாலம் வந்த பிறகு ஆட்கள் குறைந்துபோனார்கள். ஆனாலும் பள்ளிப் பிள்ளைகளும் ஜெபத்துக்கு அக்கரைச் சபைக்குப் போகிற பெண்களும் வருவார்கள். கடவுக்கு மேலே, வெட்டுகல் என்னும் செம்பாறைக் கல்லை மண்சாந்தில் அடுக்கிக் கட்டிய அவன் வீடு. சுற்றிலும் நாலைந்து தென்னை, கொஞ்சம் மரச்சீனிக் கிழங்கு. நாங்கள் ஆழம் பார்க்க எப்போது போனாலும் வள்ளம் தள்ளுவது அவன்தான். எங்கள் வழக்கமெல்லாம் அவனுக்கும் தெரியும்.

நான் போனபோது லில்லி முற்றத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ஜெட்டி, அதாவது படகுத்துறை, வரப்போகிற செய்தி அவளுக்கு எட்டியிருந்தது.

"சாரே, படகில வாற வெள்ளக்காரனுக்கு மரச்சீனியும் எனக்க மீன்கறியும் குடுத்தா தின்பானா?"

"தின்னாம? எரிப்பக் கொஞ்சம் குறைச்சா மதி" என்றான் தங்கையன்.

"எரிப்பு எதுக்குக் குறைக்கணும்? வெள்ளக்காரன் அழட்டு. இருவத்தஞ்சு வருசமா நீரு அழாமலா தின்னுதீரு?"

சிரித்துக்கொண்டே வள்ளத்தில் ஏறினோம். கடவின் வெட்டுகல் தூணில் லெவல் கருவியால் மட்டம் பார்த்துவிட்டு, கரையிலிருந்து நடு ஆற்றுக்கு ஒரு கயிறு கட்டினோம். கயிற்றில் முடிச்சு வந்த இடத்திலெல்லாம் வள்ளத்தை நிறுத்துவான் தங்கையன். நான் அளவு குறித்த இரும்புக் கம்பியை இறக்குவேன். சேற்றின் மேல் பரப்பில் ஒரு தடவை, அழுத்தி உறுதியான தரையில் ஒரு தடவை. இரண்டையும் எழுதுவேன். வேலையில் குறை வைக்கவில்லை. ஒவ்வொரு எண்ணும் துல்லியமாக இருந்தது. தாளின் தலையில் முதல் வரி மட்டும் காலியாக இருந்தது.

கரைக்குத் திரும்பும்போது தங்கையன் கழியை ஊன்றியபடி, "சாரே, பொழி அடஞ்சில்லா கெடக்கு. எழுதியாச்சா?" என்று கேட்டான்.

சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. வழக்கமாகக் கேட்பதுதான், குடையை எடுத்தாச்சா என்று கேட்பதுபோல.

"எழுதியாச்சு" என்றேன்.

அன்று நின்ற நீரின் மட்டத்தில், வெட்டுகல் தூணில் சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு போட்டேன். நீர் மிகக் குறைந்த நாளில் நிற்கும் மட்டம் இது என்பது அந்தக் கோட்டின் பொருள். காண்டிராக்டர் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் மேடையும் படிகளும் கட்டினார்.

திறப்பு விழாவும் பொழி அடைந்திருந்த காலத்தில்தான் நடந்தது. நீர் நிறைந்து மேடையைத் தொட்டுக்கொண்டு நின்றது. அலங்கரித்த படகுகள் வரிசையாக வந்தன. பெரிய சார் என் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். லில்லி மரச்சீனியும் மீன்கறியும் விற்றாள். சாயங்காலத்துக்குள் பானை காலி.

மழை பிடித்ததும் பொழி முறித்தார்கள். மறுநாள் நான் போனபோது துறை அந்தரத்தில் நின்றது. கடைசிப் படி நீருக்கு மேலே ஓர் ஆளின் நெஞ்சளவில் இருந்தது. படிக்குக் கீழே சேறு. சேற்றுக்கு அப்பால் ஒரு படகு. அதில் புடவையும் தொப்பியுமாக ஒரு குடும்பம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. படகுக்காரன் என்னைப் பார்த்து, "சாரே, இதுல ஏறணும்ணா ஏணி கொண்டு வரணும்லா?" என்றான். கரையில் நின்ற பையன்கள் சிரித்தார்கள். தங்கையன் சிரிக்கவில்லை. தூணில் இருந்த சிவப்புக் கோட்டைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். கழியை எடுத்துக்கொண்டு வள்ளத்துக்குப் போனான்.

அரசுப் பணத்தில் கட்டியது வீண் என்று சொல்ல அலுவலகத்தில் யாருக்கும் வாய் வரவில்லை. துறையைத் தாழ்த்தினால் ஏன் தாழ்த்தினாய் என்ற கேள்வி வரும். துறைக்குத் தகுந்தபடி ஆற்றை உயர்த்தி வைப்பது சுலபம். இனிமேல் அலுவலக அனுமதி இல்லாமல் யாரும் பொழி முறிக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. கரை ஆட்களிடம் அதைச் சொல்ல என்னை அனுப்பினார்கள்.

கடவில் கூட்டம் கூடியது. "வெள்ளம் வீட்டுக்குள்ள கேறினா உங்க ஆஃபீஸ்லயா வந்து கெடக்கது?" என்று ஒருவன் கேட்டான். "கெடக்கலாம்டே, ஃபேன் உண்டு" என்றான் இன்னொருவன். எல்லோரும் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். தங்கையன்தான் குறுக்கே வந்தான்.

"எலே, சாரு நம்ம ஆளாக்கும். வெள்ளம் கேறினா சாரு எழுதி அனுமதி வேண்டித் தருவாரு. போங்க, போங்க."

நம்ம ஆள். இரண்டு பேர் என்னை அப்படிச் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்த ஐப்பசியில் மழை விடாமல் அடித்தது. பொழி அடைந்துதான் கிடந்தது. ஒரு காலை தங்கையன் அலுவலகத்துக்கு வந்தான். சட்டையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"சாரே, வெள்ளம் அடுக்களப் படிக்கு வந்தாச்சு. பயலுவ மண்வெட்டியோட ரெடியா நிக்கானுவ. சாரு ஒரு வார்த்த சொன்னா மதி."

வாய்ச்சொல்லில் அனுமதி தர எனக்கு அதிகாரம் இல்லை. நீர் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று மேலே எழுத வேண்டும். எதிலிருந்து உயர்ந்தது? சிவப்புக் கோட்டிலிருந்து. அந்தக் கோட்டின்படி ஆறு குறைந்த மட்டத்துக்கு ஒரு முழம்கூட மேலே இல்லை. காகிதத்தில் அது வெள்ளமே இல்லை. அந்தக் கோடு பொய் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அன்றே அனுமதி கிடைத்திருக்கும். நான் சேர்க்கவில்லை. கோட்டுக்கு மேல் இத்தனை என்று மட்டும் எழுதி அனுப்பினேன். "மேலே எழுதியிருக்கிறேன், ரெண்டு நாள் பொறு" என்றேன்.

"சாரு சொன்னா சரி. வாறேன்" என்று போனான்.

அபாயம் ஏதுமில்லை, பொறுத்திருக்கலாம் என்று மேலிருந்து பதில் வந்தது. அதற்குள் அங்கே பையன்கள் பொறுமை இழந்து மண்வெட்டியோடு பொழிக்குக் கிளம்பியிருக்கிறார்கள். தங்கையன் வழியில் நின்று மறித்திருக்கிறான். "சாரு எழுதியிருக்காரு மக்கா. அனுமதி வரட்டு. நமக்குக் கேசு கூட்டம் ஒண்ணும் வேண்டாம்" என்று திருப்பி அனுப்பியிருக்கிறான். இதை அந்தப் பையன்களே பிறகு என்னிடம் சொன்னார்கள்.

வெட்டுகல்லுக்கு நீர் ஒன்றும் செய்யாது. இடையில் இருக்கும் மண்சாந்துதான் ஊறிக் கரையும். மறுநாள் மத்தியானம் லில்லி அடுக்களையில் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தபோது பின்சுவர் மொத்தமாக உள்ளே சாய்ந்தது. இடுப்பிலிருந்து கீழே கல் மூடிக் கிடந்தாளாம். தங்கையனும் பையன்களும் கல்லை ஒவ்வொன்றாக எடுத்திருக்கிறார்கள். பிறகு அவளை அதே வள்ளத்தில் கிடத்தி ரோடு வரைக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள். அன்று சாயங்காலம் யாரையும் கேட்காமல் பொழியை முறித்தார்கள். யார்மேலும் வழக்கு வரவில்லை. முந்தின நாளே முறித்திருந்தாலும் வந்திருக்காது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தங்கையன் வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து இடம் விட்டான்.

"சாரு என்ன செய்விய? சாரு எழுதினிய. மேல உள்ளவனுவ கேக்கல்ல" என்று எனக்கு ஆறுதல் சொன்னான்.

அந்த ஆறுதலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இந்தக் கட்டுரையில் உள்ள மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு இதுதான் பொறுக்கவில்லை.

லில்லி எழுந்து நடக்க நெடுநாள் ஆயிற்று. நடந்ததும் இப்போது நடக்கிற நடைதான். அவர்கள் அந்த வீட்டைத் திரும்பக் கட்டவில்லை. பெரிய சார் நல்ல பெயரோடு ஓய்வு பெற்று, சில ஆண்டுகளில் காலமானார். நானும் ஓய்வு பெற்றேன். விழாவில் என் நேர்மையைப் பற்றிப் பேசினார்கள்.

பிறகு பல ஆண்டுகள் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். சென்ற ஆண்டுதான், எல்லாவற்றையும் எழுதி அலுவலகத்துக்குக் கொடுத்தேன். முதல் வரியில் "பொழி அடைந்து" என்று எழுதினேன். நான் எடுத்த ஆழம் பொய், சிவப்புக் கோடு பொய், அந்தக் கோட்டை நம்பிப் போட்ட உத்தரவை நீக்குங்கள், பழையபடி கரை ஆட்களே பொழி முறிக்கட்டும், தங்கையனுக்கு வீடு கட்டிக் கொடுங்கள், என்மேல் என்ன நடவடிக்கை வேண்டுமானாலும் எடுங்கள் என்று எழுதினேன். விசாரணைக்குக் கூப்பிடுவார்கள் என்று வெள்ளைச் சட்டை ஒன்றைத் தேய்த்துத் தயாராக வைத்திருந்தேன்.

கூப்பிடவில்லை. ஷைனிதான் வந்தாள். முகமெல்லாம் சந்தோஷம்.

"சாருக்க லெட்டர் கிட்டினதாலதான் புதிய ஃபண்ட் பாஸாச்சு சார். பழைய ஜெட்டி சரியில்லண்ணு காட்ட எங்களுக்கு ஒரு ரிக்கார்டும் இல்லாம இருந்துது."

வரைபடத்தை விரித்துக் காட்டினாள். நீரோடு ஏறி இறங்கும் மிதக்கும் மேடை. கூடுதல் படகுகள் நிற்க இடம். பயணிகளுக்கு நிழற்கூடம். எல்லாம் சரியாகத்தான் வரைந்திருந்தார்கள். கரையில் ஒரு கட்டத்துக்குள் "வாகன நிறுத்தம்" என்று எழுதியிருந்தது. தென்னைகளை வைத்து இடத்தை அடையாளம் கண்டுகொண்டேன். தங்கையனின் மனை.

"இது ஆளிருக்கிற இடமல்லவா?"

"இப்ப ஆரும் இல்ல சார். காலி மனை. சர்வேயில அப்படித்தான் உண்டு."

"பொழி உத்தரவு?"

"பணி முடியுற வரைக்கும் அது இருக்கட்டுண்ணு மேல சொல்லுதாவ சார். வெள்ளம் எறங்கிட்டா வேலைக்குச் சாமான் கொண்டு வார பார்ஜ் தரை தட்டிப்போவும்."

அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. கண்டதை எழுதியிருக்கிறாள். என் ஒப்புதல் அவர்களுக்கு ஒரு காரணமாகப் பயன்பட்டது. அவ்வளவுதான் அதற்கு மதிப்பு.

மறுநாள் வாக்குமூலத்தின் நகலைப் பையில் வைத்துக்கொண்டு உதியன்குளங்கரைக்குப் போனேன். தங்கையன் இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் காவல்காரன். விசில் ஊதிக் கார்களை வரிசையில் நிறுத்துகிறவன். அன்று முகூர்த்தம் இல்லாததால் வீட்டில் இருந்தான். விசில் கழுத்திலேயே கிடந்தது. லில்லி பிளாஸ்டிக் நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். காப்பி போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். வள்ளத்தில் அவன் கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில், காலியாக விட்ட வரி, ஐப்பசியில் நான் சேர்க்காத வரி. மனை போகப்போவதையும் சொன்னேன். தங்கையன் விசிலைக் கையில் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தான். என்னை அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

கடைசியில், "இப்பமாவது எழுதியாச்சா, பொழி அடஞ்சு கெடந்துதுண்ணு?" என்று கேட்டான்.

"எழுதியாச்சு" என்றேன்.

லில்லி உள்ளியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அண்ணைக்கும் சாரு இதத்தானே சொன்னிய" என்றாள்.

நகல் பையில்தான் இருந்தது. எடுத்துக் காட்ட என் கை போகவில்லை.